ஏன் இங்கே காடு, ஏன் அங்கே புல்?

(பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சைபீரியாவில் யாகுட்ஸ்க் என்று ஒரு நகரம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் அங்கே விழும் மழையையும் பனியையும் சேர்த்து அளந்தால் 240 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வரும். ராஜஸ்தானின் ஜெய்சல்மேருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 200. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஜெய்சல்மேரைச் சுற்றி இருப்பது பாலைவனம். யாகுட்ஸ்கைச் சுற்றி, கண்ணுக்கெட்டிய தூரத்தையும் தாண்டி, லார்ச் மரக்காடு. நம் ராமநாதபுரத்தில் யாகுட்ஸ்கைப் போல மூன்று மடங்குக்கும் மேல் மழை பெய்கிறது. அங்கே தானாக வளர்ந்து நிற்பவை பெரும்பாலும் முள்மரங்களும் புதர்களும்தான்.

மழை பெய்தால் காடு, பெய்யாவிட்டால் பாலை என்று நாம் சிறுவயதிலிருந்து படித்த கணக்கு இந்த இடத்தில் உடைந்துபோகிறது. வானம் கொடுக்கும் நீர் எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான். அதில் வெயில் எவ்வளவு திருப்பி எடுத்துக்கொள்கிறது என்பது மீதிப் பாதி. யாகுட்ஸ்கில் ஜனவரி மாதச் சராசரி வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரியை நெருங்கும். நிலத்துக்கு அடியில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு மண் நிரந்தரமாக உறைந்து கிடக்கிறது. கோடையில் மேல்மண் மட்டும் ஒன்றிரண்டு மீட்டர் இளகும். அந்த ஈரம் கீழே இறங்க முடியாது. சிமென்ட் பூசிய தொட்டியில் நிற்பதுபோல வேர்மட்டத்திலேயே நிற்கும். லார்ச் மரத்துக்கு அது போதும். அது ஊசியிலை மரமாக இருந்தும் குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, அடுத்த கோடைக்குக் காத்திருக்கிறது.

இப்படி ஒரு நிலப்பரப்பின் தட்பவெப்பமும் மண்ணும் அமைப்பும் சேர்ந்து அங்கே எந்தச் செடிகொடி, எந்த விலங்கு வாழ முடியும் என்று வகுத்துவிடுகின்றன. அப்படி வகுபட்ட பெரும் உயிர்க்கூட்டத்தை நம் பாடநூல்கள் பல்லுயிர்த் தொகுதி என்கின்றன. ஆய்வாளர்கள் பேச்சில் அது பயோம். மழைக்காடு, சவானா, பாலைவனம், ஊசியிலைக்காடு, துந்திரா என்ற பட்டியல் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பட்டியலை ஒப்பிக்க நான் வரவில்லை. எது எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது யார் என்பதுதான் என் பேச்சு.

முதல் முடிவு சூரியனுடையது. நிலநடுக்கோட்டில் சூடான காற்று ஈரத்தோடு மேலே எழுகிறது, குளிர்கிறது, அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. அமேசான், காங்கோ, போர்னியோ எல்லாம் அந்த மழையின் பிள்ளைகள். ஈரம் இழந்த காற்று வடக்கும் தெற்குமாக நகர்ந்து, சுமார் 30 பாகை அட்சரேகைக்கு அருகே கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று சூடேறும், மேகத்தைக் கூடவிடாது. சகாரா, அரேபியா, கலஹாரி, ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி எல்லாம் அந்த இரண்டு பட்டைகளில் கிடப்பது தற்செயல் இல்லை.

ஆனால் பூமி வெறும் பந்தாக இருந்தால்தான் இந்தக் கணக்கு பிசகாமல் வரும். கடலும் மலையும் அதைக் கலைத்துவிடுகின்றன. சென்னை 13 பாகை வடக்கே இருக்கிறது. பெரு நாட்டின் தலைநகரான லிமா 12 பாகை தெற்கே இருக்கிறது. இரண்டும் கடற்கரைப் பெருநகரங்கள், நிலநடுக்கோட்டிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரம். சென்னையில் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் வரை மழை. லிமாவில் 20 மில்லிமீட்டர்கூட இல்லை. லிமாவின் கரையை ஒட்டி, தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் ஓடுகிறது. குளிர்ந்த கடலின் மேலுள்ள காற்று கனமாகிப் படிந்துவிடும்; மேலே எழாது. மேலே எழாத காற்று மழை தராது, மூடுபனிதான் தரும். கிழக்கிலிருந்து அமேசானின் ஈரம் வரலாமே என்றால், நடுவில் ஆண்டீஸ் மலை நிற்கிறது. இந்தப் பாலைவனப் பட்டை தெற்கே அட்டகாமாவில் உச்சத்தைத் தொடுகிறது. சிலி நாட்டின் அரிகா நகரில் ஆண்டுச் சராசரி மழை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனாலும் அந்தக் கரையோரக் குன்றுகளில், மூடுபனி மோதும் உயரத்தில் மட்டும், குளிர்காலத்தில் செடிகள் பூத்துக் குலுங்குகின்றன. லோமாஸ் என்று அவற்றைச் சொல்கிறார்கள். மழையே இல்லாத மண்ணில் பனித்துளியைப் பிடித்து வாழும் தோட்டங்கள் அவை.

சில ஆண்டுகளில் அந்தக் குளிர்ந்த கடல் சூடேறிவிடும். அதுதான் எல் நினோ. அப்போது பெருவின் வறண்ட கரையில் வெள்ளம் வரும். அதே எல் நினோ ஆண்டுகளில் நமக்கு வடகிழக்குப் பருவமழை வலுப்பதும் வழக்கம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதும் அப்படியொரு ஆண்டில்தான்.

இந்தத் தொடர்புகளை முதலில் ஒரே படமாகப் பார்த்தவர் ஜெர்மானியரான அலெக்ஸாண்டர் ஃபான் ஹம்போல்ட். 1802 ஜூனில், ஈக்வடாரின் சிம்பொராசோ எரிமலையில், உச்சிக்குப் போக முடியாமல் 5,800 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் திரும்பினார். அடிவாரத்தில் வெப்பமண்டலக் காடு, அதற்கு மேல் ஓக் வகைகள், அதற்கு மேல் புதர், புல், கடைசியில் பாறையில் படரும் பாசிகள். நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை நடந்தால் பார்க்க வேண்டிய வரிசையை ஒரே மலையில் ஏறும்போது பார்த்தார். 1807இல் அதை ஒரு மலையின் குறுக்குவெட்டுப் படமாக வரைந்து, எந்தச் செடி எந்த உயரத்தில் என்று படத்தின் மேலேயே எழுதி வெளியிட்டார். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் சராசரியாக ஆறரை டிகிரி குளிர்கிறது என்பதை இன்று எல்லோரும் அறிவோம். அந்தக் குளிரைச் செடிகளின் வழியே வாசித்தவர் அவர்.

அவருக்குப் பின் விளாடிமிர் கோப்பென். உலக வரைபடங்களில் நீங்கள் பார்க்கும் தட்பவெப்ப மண்டலங்களை வகுத்தவர். அவர் அடிப்படையில் தாவரவியல் படித்தவர். எந்த மரம் எங்கே நின்றுபோகிறது என்பதைப் பார்த்து, அந்த எல்லைக்குப் பொருந்தும் வெப்பத்தையும் மழையையும் தேடி, அதைத் தட்பவெப்ப எல்லையாக வரைந்தார். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன ஆல்ஃபிரட் வெகனர் அவருடைய மருமகன். பழைய காலத்துத் தட்பவெப்பங்களைப் பற்றி மாமனாரும் மருமகனும் சேர்ந்து 1924இல் ஒரு நூலே எழுதினார்கள். கோப்பெனின் வேலையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அவருடைய வண்ண வரைபடம் பள்ளிக்கூடச் சுவருக்கு வந்தபோது ஒரு தவறான நம்பிக்கையையும் கூடவே கொண்டுவந்தது. இவ்வளவு வெப்பம், இவ்வளவு மழை என்றால் இன்ன தாவரம்தான் என்று தட்பவெப்பம் சட்டம் போட்டதாக நினைத்துவிட்டோம். உண்மையான நிலம் அப்படி இல்லை. அதைப் பார்க்க இந்தக் கோயம்புத்தூரை விட நல்ல இடம் கிடையாது.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மேலே ஏறும் காற்று கேரளப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகிறது. பாலக்காட்டில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. கோவையில் 600, 700. இத்தனைக்கும் நமக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் மலைச்சுவரே இல்லை. 30 கிலோமீட்டருக்கும் அகலமான, 300 மீட்டருக்கும் தாழ்வான கணவாய்தான் இருக்கிறது. காற்று தங்குதடையின்றி வருகிறது. பல்லடத்திலும் உடுமலையிலும் ஆடி மாதத்தில் காற்றாலைகள் சுற்றுவது அந்தக் காற்றில்தான். ஆனால் மேலே தூக்கிவிட மலை இல்லாததால், வரும் காற்று மழையாக மாறுவதில்லை. மலை மறைத்தாலும் மழை குறையும், தூக்கிவிட மலை இல்லாவிட்டாலும் குறையும். கோவைக்கு இரண்டு குறையும் வாய்த்திருக்கிறது.

நீலகிரிக்குப் போனால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மேற்கே தேவாலா, பந்தலூர்ப் பக்கம் மழைக்குப் பேர் போனது. குந்தா மலைத்தொடரில் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. கிழக்கே கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழையே முக்கியம். வடக்கே இறங்கினால் சீகூர், மசினகுடி, மாயாறு. அங்கே முட்புதர்க் காடு, பிணந்தின்னிக் கழுகுகள், திறந்த வெளியில் மேயும் வெளிமான். தேவாலாவிலிருந்து மாயாற்றுக்கு நேர்க்கோட்டில் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் பசுமைமாறாக் காடு, இலையுதிர்காடு, முட்காடு என்று மூன்று உலகங்களைக் கடந்துவிடுகிறோம்.

மழை எந்த மாதத்தில் வருகிறது என்பதும் அளவைப் போலவே முக்கியம். கோடையில் காய்ந்து குளிர்காலத்தில் மழை பெறும் மத்தியதரைக் கடற்கரையும் கேப் டவுனும் கலிபோர்னியாவும் ஒன்றுக்கொன்று பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தும், தடித்த சிறு இலைப் புதர்க்காடுகளையே வளர்த்திருக்கின்றன. நம் சோழமண்டலக் கரையில் நடந்திருப்பது அதைவிட வியப்பானது. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் வந்துவிடும். பிறகு நீண்ட கோடை. சூத்திரப்படி பார்த்தால் இங்கே இலையுதிர்காடு இருக்க வேண்டும். ஆனால் கோடியக்கரையிலும், கரையோர ஊர்களின் கோயில்காடுகளிலும், ஆண்டு முழுவதும் பச்சையாக, குட்டையாக, அடர்ந்து நிற்கும் ஒரு காடு இருக்கிறது. உலக்கைப்பாலை, வீரை, காயா போன்றவை அதன் மரங்கள். இந்தியக் காட்டு வகைகளைத் தொகுத்த சாம்பியனும் சேத்தும் 1968இல் வெளியிட்ட நூலில் இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தனி வகையாகவே வைத்தார்கள். பாக் நீரிணையைத் தாண்டி இலங்கையின் வன்னிக்குப் போனால் அங்கும் பாலையும் வீரையும் நிற்கின்றன. இரு கரைக்கும் ஒரே பருவமழை, ஒரே கடற்காற்று. உலகில் மிகக் குறைவான இடத்தில் இருக்கும் இந்தக் காட்டின் பேரில் நமக்கு இன்னும் போதிய அக்கறை வரவில்லை என்பது என் ஆதங்கம்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நீலகிரி, பழனி, ஆனைமலை உச்சிகளில், 1,800 மீட்டருக்கு மேல், பள்ளங்களில் சோலைக்காடும் சரிவுகளில் புல்வெளியும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டுக்கும் ஒரே மழை, ஒரே உயரம். பிறகு ஏன் இங்கே காடு, அங்கே புல்? மனிதர்கள் காட்டை அழித்ததால் வந்த புல் என்று நெடுங்காலம் பலர் நம்பினார்கள். நீலகிரியின் சதுப்புகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த மக்கிய மண்ணை எடுத்து, அதிலுள்ள கார்பனை ஆராய்ந்து, சூழலியலாளர் ராமன் சுகுமாரும் அவர் குழுவினரும் 1993இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். பனியுகத்தின் வறண்ட உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, வறட்சி தாங்கும் புற்கள் அந்த மலையில் பரவியிருந்தன. பருவமழை வலுத்தபோது ஈரம் விரும்பும் தாவரங்கள் பெருகின. மழை தளர்ந்தபோது புல் மறுபடி விரிந்தது. பருவமழை வலுத்திருந்த அந்தக் காலத்தில்தான் சகாராவிலும் ஏரிகளும் புல்வெளிகளும் இருந்தன. அங்குள்ள டசிலி மலைப் பாறைகளில் அக்காலத்து மக்கள் மாட்டு மந்தைகளை ஓவியமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். உதகையின் புல்லும் சகாராவின் ஏரியும் பூமி அச்சின் ஒரே தள்ளாட்டத்துக்குக் கட்டுப்பட்டவை.

அப்படியானால் இன்று அந்த எல்லைக் கோட்டைப் பிடித்து வைத்திருப்பது எது? பெரும்பங்கு உறைபனி. மார்கழி, தை இரவுகளில் திறந்த சரிவில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். சோலைக்குள் மரக்கூரை வெப்பத்தைப் பிடித்து வைப்பதால் அப்படி உறைவதில்லை. சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழுந்து முளைத்தாலும், முதல் பனிக்காலத்தில் நாற்று கருகிவிடுகிறது. பெங்களூரு ஆய்வாளர்கள் நீலகிரியில் நாற்றுகளை நட்டுப் பார்த்து 2020இல் இதை உறுதிப்படுத்தினார்கள். ஆனால் அதே சரிவில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரத்தின் நாற்று பிழைத்துக்கொள்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தை நினைவில் வையுங்கள்.

ஆப்பிரிக்காவில் உறைபனியின் வேலையைத் தீயும் விலங்கும் செய்கின்றன. ஆண்டுக்கு 1,000 முதல் 2,500 மில்லிமீட்டர் வரை மழை பெறும் பல இடங்களில் காடும் இருக்கிறது, சவானாவும் இருக்கிறது. தட்பவெப்பத்தை மட்டும் வைத்து எது வரும் என்று சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்கரான வில்லியம் பாண்டும் அவர் நண்பர்களும் 2005இல் கணினி மாதிரியில் போட்ட கணக்குப்படி, உலகில் தீயே இல்லாவிட்டால் அடர்காட்டின் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கும்.

செரெங்கெட்டியில் நடந்தது இதற்கு மறக்க முடியாத சான்று. 1890களில் வெக்கை நோய் ஆப்பிரிக்கா முழுவதும் பரவி மாடுகளையும் காட்டு விலங்குகளையும் கொன்று குவித்தது. மாடு வளர்த்து வாழ்ந்த மாசாய் மக்கள் பட்டினியில் மடிந்தார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும், காட்டு விலங்குகளிடமும் நோய் மறைந்தது. 1960களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் என்னும் புல் மேயும் விலங்கின் எண்ணிக்கை, 1970களின் இறுதிக்குள் பத்து லட்சத்தைத் தாண்டியது. அத்தனை வாய்கள் மேய்ந்ததால் காய்ந்த புல் மிஞ்சவில்லை. தீக்கு இரை இல்லாமல் போனது. தீ குறைந்ததால் மரக்கன்றுகள் பிழைத்து வளர்ந்தன. மழை மாறவில்லை, மண் மாறவில்லை. மாட்டுக்குப் போட்ட ஊசி ஒரு சவானாவின் மரங்களைக் கூட்டிவிட்டது.

புல்வெளி என்பது காடாகத் தவறிய நிலம் அல்ல. உறைபனியும் தீயும் மேய்ச்சலும் காலங்காலமாகக் காத்துவரும் முழுமையான பல்லுயிர்த் தொகுதி அது. இதைப் புரிந்துகொள்ளாததால் நாம் செய்த சேதம் கொஞ்சநஞ்சமல்ல. நீலகிரி, பழனிச் சரிவுகளை ஆங்கிலேயர் வெற்று நிலமாகப் பார்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே கற்பூர மரமும் சீகையும் கப்பலேறி வந்தன. விடுதலைக்குப் பிறகு, தோல் பதனிடச் சீகைப் பட்டை, கூழாலைக்குக் கற்பூர மரம் என்று நம் அரசே பெருமளவில் நட்டது. பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வந்த ஆய்வு, நாற்பதே ஆண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. வரையாட்டுக்கு மேய்ச்சல் போனது. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கு இடம் போனது. தோடர்களின் எருமைகளுக்குப் புல் போனது.

சமவெளியிலும் இதே கதைதான். குஜராத்தின் பன்னி புல்வெளியில் 1960களில் உப்புப் பாலை பரவாமல் தடுக்கச் சீமைக் கருவேலத்தை விதைத்தார்கள். அது புல்லை விழுங்கிவிட்டது. அந்த மரத்தை நமக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாட்டின் தரிசு நில வரைபட நூலில் மேய்ச்சல் நிலங்களும் புதர்நிலங்களும் தரிசின் வகைகளாக இடம்பெறுகின்றன. தரிசு என்று எழுதிவிட்டால் அங்கே என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிடுகிறது. திறந்த புல்வெளியை நம்பி வாழும் கானமயில் இன்று இருநூறுகூட மிஞ்சவில்லை. 2011இல் ஜெர்மனியின் பான் நகரில் தொடங்கிய உலக உறுதிமொழி, 2030க்குள் 35 கோடி ஹெக்டேரில் காட்டை மீட்க வேண்டும் என்கிறது. அழிந்த காடு மீளட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் இலக்கை எட்டும் அவசரத்தில் ஆப்பிரிக்கச் சவானாக்களையும் இந்திய மேய்ச்சல் நிலங்களையும் காலியிடம் என்று குறித்துக்கொண்டால், கார்பனைச் சேமிப்பதாகச் சொல்லிக்கொண்டே, மண்ணுக்கடியில் புல்லின் வேர் சேமித்து வைத்திருக்கும் கார்பனைக் கலைத்துவிடுவோம்.

சீகையை வெட்டி எறிந்துவிட்டால் போதுமே என்று கேட்பீர்கள். அவ்வளவு எளிதில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டியதும் வெளிச்சம் பட்டு, முன்பிருந்ததைவிட நெருக்கமாக முளைத்து வரும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பழனி மலையில் வயதான சீகைத் தோப்புகளின் நிழலில், உறைபனி விழாததால், சோலை மரக்கன்றுகள் தாமாகவே எழுந்து வருகின்றன. அங்கே வெட்டினால் சோலையை வெட்டுகிறோம். திறந்த சரிவில் இப்போதுதான் பரவும் சீகையை விட்டால் புல்வெளியை இழக்கிறோம். இரண்டுக்கும் ஒரே அரசாணை பொருந்தாது. ஒவ்வொரு சரிவாக, ஒவ்வொரு பள்ளமாகப் போய்ப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும்.

இந்த அரங்கில் மரம் நடும் குழுக்களைச் சேர்ந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் உழைப்பின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அடுத்த முறை ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே முன்பு என்ன வளர்ந்தது, யார் மேய்த்தார்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடமும் ஆடு மேய்ப்பவர்களிடமும் கேளுங்கள். புல்தான் வளர்ந்தது என்று சொன்னால், குழி தோண்ட வேண்டாம். சீமைக் கருவேலத்தை வேரோடு எடுப்பதும், அந்த இடத்தின் புல்விதையைச் சேகரித்துத் தூவுவதும், புல் தலையெடுக்கும்வரை ஓரிரு மழைக்காலம் மேய்ச்சலை நிறுத்தி வைக்க ஊராரோடு பேசி ஒப்புக்கொள்வதும்தான் அங்கே செய்ய வேண்டிய வேலை. மரக்கன்று வளர்க்கும் நம் நாற்றங்கால்கள் ஒவ்வொன்றிலும் உள்ளூர்ப் புல் நாற்றுக்கும் இரண்டு பாத்தி ஒதுக்கச் சொல்லி, இந்த ஆண்டு மழைக்கு முன்பே வனத்துறையிடம் நாம் கேட்க வேண்டும். அதற்கான மனுவில் கையெழுத்திட விரும்புபவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.